ஓரம் விடுபட்ட ஏரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவைத் திறந்ததுமே கோபம் முந்திக்கொண்டது. போனில் சொல்லலாம் என்றால், எங்கள் வீட்டில் சமையலறையில் முணுமுணுத்தால் வாசல் வரைக்கும் கேட்கும். அதிலும் பேசுவது நீ என்று தெரிந்தால் போதும், உன் அத்தான் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டு லென்ஸ் புராணத்தை ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் இந்தக் காலத்திலும் கடிதம்.

நீ புதுக் கேமரா வாங்கியபோது பழையதை அவருக்குக் கொடுத்தாய். நல்ல மனசோடுதான் கொடுத்தாய், இல்லை என்று சொல்லவில்லை. நாள் முழுக்க பஸ் ஓட்டுகிற மனுஷன், இரைச்சலும் புகையுமாக வாழ்கிறவர், லீவு நாளில் நாலு பறவையைப் பார்க்கட்டும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். லீவு நாள் என்றால் விடிவதற்கு முன்னால் ஆள் ஏரிக்கரையில் இருப்பார். பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் இருக்கிற ஏரி, உனக்கும் தெரியும். பாசி நிறத்தில் ஒரு சட்டை, அதே நிறத்தில் தொப்பி, மடக்கு நாற்காலி, கேமராவை மாட்டி நிறுத்த ஒரு முக்காலி. அந்தச் சட்டையை வாசனை சோப்பில் துவைக்கக் கூடாதாம், மிருகங்களுக்கு மோப்பம் தெரிந்துவிடுமாம். அவருடைய வியர்வை வாசனை மட்டும் மிருகங்களுக்குப் பழகிப்போய்விட்டது போலிருக்கிறது.

எல்லாம் ஒரு நீர்நாய்க்காக. பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர் ஒரு நாள், ஏரியில் நீர்நாய் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. தண்ணீரில் வளையம் வளையமாக அலை வருமாம், கேமராவைத் திருப்புவதற்குள் மறைந்துவிடுமாம். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு, இன்னிக்கும் வரலை சனியன் என்பார். நான் டீயை நீட்டுவேன். இதுதான் எங்கள் லீவு நாள்.

பறவைப் படங்கள் நன்றாக இருக்கின்றன, பொய் சொல்ல மாட்டேன். மீன்கொத்தியின் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போல அவ்வளவு துல்லியம். என் குறை அந்த நீளப் படங்களைப் பற்றித்தான். பனோரமா. ஒரே இடத்தில் நின்று, இடமிருந்து வலமாகத் திரும்பித் திரும்பி வரிசையாக எடுத்து, பிறகு கம்ப்யூட்டரில் ஒட்டி ஒரே படமாக்குகிற வித்தை. நீதான் கற்றுக்கொடுத்தாய். இப்போது என் உயிரை எடுக்கிறது.

நான் வேலை செய்கிற பிரேம் கடை முதலாளியம்மா, கடைத் தெரு முழுவதையும் நீளமாக ஒரு படம் எடுத்துக் கொடுத்தால் சுவரில் மாட்டலாம் என்று கேட்டாள். இவரும் கால் தரையில் படாமல் போய் எடுத்தார். ஒட்டிப் பார்த்தால், தெரு நாய்க்கு ஆறு கால். மளிகைக்கடைக்காரர் இரண்டு வாசலில் இரண்டு பேராக நிற்கிறார். கடையே சிரித்தது. நகர்கிறவர்களை எடுத்தால் அப்படித்தான் வரும் அக்கா, அது யாருக்கும் நடக்கும் என்று நீ சமாதானம் சொன்னாய். சரி. ஏரி எங்கே தம்பி நகர்கிறது? பம்ப் ஹவுஸுக்குக் கால் முளைத்திருக்கிறதா? ஏரிப் படத்தில் பம்ப் ஹவுஸுக்கும் நாணலுக்கும் நடுவில் இருக்கிற கரையே காணவில்லை. ஒட்ட முடியாமல் இரண்டு இடத்தில் கறுப்பாக ஆப்பு வைத்த மாதிரி ஓட்டை. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் வருகிறது.

குற்றம் எல்லாம் மற்றவர்கள் மேல். முதலில் முக்காலி சரியில்லை என்றார், அதற்குப் புதுத் தலை வந்தது. பிறகு கம்ப்யூட்டர் புரோகிராம் சரியில்லை என்றார், வேறு போட்டாயிற்று. அப்புறம் காற்று. கடைசியில், அவர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நான் துடைப்பத்தோடு குறுக்கே போனேனாம், அவர் கவனம் சிதறிவிட்டதாம். கூட்டினால் கரை காணாமல் போகுமா என்று கேட்டேன். அன்று சாப்பிடாமலே படுத்தார்.

இதில் உன் பங்கு என்ன தெரியுமா? அவர் எதை அனுப்பினாலும், சூப்பர் அத்தான், வேற லெவல் அத்தான் என்று பதில் போடுகிறாய். ஓட்டை விழுந்த ஏரிக்கும் சூப்பர்தான், ஆறு கால் நாய்க்கும் சூப்பர்தான். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது. மச்சானே சொல்லிட்டான், உனக்கு என்ன தெரியும் என்று என்னிடம் பாய்கிறார். தயவுசெய்து ஐஸ் வைப்பதை நிறுத்து. என்ன தப்பு நடக்கிறது என்று பார்த்து, உடைத்துச் சொல். நீ சொன்னால் கேட்பார்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. டிப்போ வாசலில் பஸ்ஸை உரசிவிட்டார் என்று மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாராம். வாசலைக் குறுகலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இவர் கத்துகிறார். இத்தனை வருஷமும் அதே வாசல் வழியாகத்தான் போய் வந்தார். பிள்ளைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நாலு பக்கத்தில் மூன்று பக்கம் லென்ஸ். ஒவ்வொரு படமும் முந்தின படத்தோடு மூன்றில் ஒரு பங்காவது சேர்ந்து வர வேண்டும், அதைச் சொல்லுங்கள் அக்கா, சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாடத்தை அவர் எனக்கே நூறு தடவை எடுத்துவிட்டார். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு வரைந்திருக்கிறாய். சிரிக்கிற விஷயம் இல்லை. இதை நான் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பிரேம் கடையில் படம் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் ஓரத்தைப் பார்ப்பேன். அட்டையை எங்கே வெட்ட வேண்டும், எது பிரேமுக்குள் மறையும் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. போன வாரம் கடையில் வேலை இல்லாத மத்தியானம், உன் அத்தானின் ஏரிப் படங்களை ஒட்டாமல் தனித்தனியாகச் சின்ன அளவில் அச்செடுத்து, வெட்டுகிற மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். இன்றைக்கு இந்தத் தப்பைக் கண்டுபிடித்து அவர் மூஞ்சியில் வைக்கிறேன் பார் என்ற வீம்புதான், வேறு ஒன்றும் இல்லை.

தப்பு கிடைத்தது. ஒவ்வொரு படத்திலும் வலது பக்கம் அழகாக இருக்கிறது. இடது பக்கம்தான் குறைகிறது. முந்தின படத்தில் முடிந்த நாணல் அடுத்த படத்தின் இடது பக்கத்தில் மறுபடி வர வேண்டும் இல்லையா? வரவில்லை. அவர் அதைத் தாண்டித் திரும்பிவிட்டார். முதல் வரிசையிலும் அப்படி, போன மாதம் எடுத்ததிலும் அப்படி. எடுக்காத கரையை எந்தப் புரோகிராம் கொண்டுவந்து ஒட்டும்? முக்காலியில் கோளாறு என்றால் ஒரு தடவை வலது பக்கமும் குறைந்திருக்க வேண்டாமா?

அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்காமல் பறவைப் படங்களையும் அச்செடுத்தேன். ஒரு படத்தில் நடுவில் மீன்கொத்தி, காய்ந்த கிளையில் உட்கார்ந்திருக்கிறது. இடது மூலையில், கீழே, தண்ணீருக்கு மேல் ஈரமாக ஒரு தலை. மீசை கூடத் தெரிகிறது. என் கண்ணையே நம்பாமல் முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, இது என்ன என்று கேட்டேன். அட, நீர்நாய் என்றாள் பார்த்த மாத்திரத்தில். இன்னும் தேடினேன். இன்னொரு படத்திலும் இருக்கிறது, மீனைக் கையில் பிடித்துக்கொண்டு. வேறொன்றில் இரண்டாக இருக்கின்றன. எல்லாம் இடது ஓரத்தில். தம்பி, அந்த மீன்கொத்திப் படத்தை எடுத்த அன்றைக்குத்தான் தொப்பியை வீசிவிட்டு, இன்னிக்கும் வரலை சனியன் என்றார்.

மறுநாள் கடைக்கு மட்டம் போட்டுவிட்டு அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டார், தையல்காரியிடம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மார்க்கெட் நிறுத்தத்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் எங்களுக்கு இடது பக்கமாகவே வந்துகொண்டிருந்தார். கேரியரில் காய்கறி மூட்டை. நான் அவரைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். முனையில் இவர் இடது பக்கம் வண்டியை ஒடித்தார். பஸ் முழுக்க அலறியது. பிரேக் போட்டுவிட்டார், சைக்கிள்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை, மூட்டை மட்டும் சிதறியது. இவர் தலையை வெளியே நீட்டி, எங்கேருந்துய்யா வந்து குதிக்கிறே என்று கத்தினார். அவர் குதிக்கவில்லை. கூடவேதான் வந்தார்.

கண் என்று நான் பேச்செடுக்க முடியாது. வருஷா வருஷம் டிப்போவில் எழுத்து அட்டையைக் காட்டிச் சோதிக்கிறார்கள், கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிடுகிறார். என் மாத்திரை அட்டையில் இருக்கிற பொடி எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படித்துச் சொல்வது அவர்தான். நேராக இருப்பது எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பக்கத்தில் இருப்பதுதான் தெரியவில்லை, தெரியவில்லை என்பதும் அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னால், படம் எடுக்கிறது பிடிக்கலைன்னு நேரா சொல்லேன், எதுக்குக் கண்ணைக் குறை சொல்றே என்பார். அந்த அளவுக்கு இந்த வீட்டில் என் வாய் மலிந்துபோய்விட்டது.

அதனால்தான் படுத்திருக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டது, அசைய முடியவில்லை என்று நாடகம் ஆடுகிறேன். பாவம், லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார், உப்பே இல்லாமல். இன்னும் எத்தனை நாளைக்கு என்னால் படுத்துக் கிடக்க முடியும் சொல்? பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்து இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உள்ளே மூன்று படம் இருக்கிறது, இடது மூலையைப் பார். பார்த்த உடனே அவருக்குப் போன் செய். பட விஷயத்தில் உன் வாயிலிருந்து வருவதுதான் அவருக்கு வேதவாக்கு. நான் எழுந்து நடந்தால் அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக்கு,
படுக்கையிலிருந்து உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் செய்தாய். செய்தாய் என்பதற்காகச் சந்தோஷப்பட்டேன். பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் உங்கள் ஊர்க் குளிரைப் பற்றிப் பேசினாய். அப்புறம் ஏதோ கண் டெஸ்ட் என்று ஆரம்பித்தாய் போலிருக்கிறது. எங்க ஊர்ல கேமரா வெச்சிருக்கிறவங்க எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணிக்குவாங்க அத்தான் என்றாயாம். அவர் சிரித்துக்கொண்டே வந்து, உன் தம்பிக்கு அங்கே வேலையே இல்லை போல என்றார். பூசி மெழுகுவதில் உன்னை அடிக்க ஆள் இல்லை. உன் மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது, அதை இங்கேயே எழுதிவைக்கிறேன்.

சரி, இனி யாரையும் நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று எழுந்தேன். முதுகு நல்லாயிடுச்சா என்று கேட்டார். உனக்கு அனுப்பியது போக இன்னொரு பிரதி என்னிடம் இருந்தது, அந்த மீன்கொத்திப் படத்தை அவர் முன்னால் வைத்தேன். இது நல்லா வந்த படமாச்சே என்றார். அந்தத் தலைமேல் என் விரலை வைத்தேன். அவர் கழுத்தைத் திருப்பி, என் விரல் இருந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார். துள்ளிக் குதிப்பார் என்று நான் ஒரு நொடி நினைத்தேன், அவ்வளவு முட்டாள் நான். இரண்டாவது படத்தை வைத்தேன். மூன்றாவதை வைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். இதை மச்சானும் பார்த்தானா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். என் படத்தை வெச்சே எனக்கு எதிரா சாட்சி சொல்ல வெச்சிட்டியே என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மறுநாள் அவராகவே கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நான் சொல்லாமலே பின்னால் போனேன். தாடையை ஒரு மேடையில் வைத்து, நடுவில் இருக்கிற விளக்கையே பார்க்கச் சொல்லி, சுற்றிலும் எங்கே புள்ளி மின்னினாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். புள்ளி அவருக்குத் தெரிகிறதோ இல்லையோ, எனக்குத் தெரிந்தது அவருடைய கட்டைவிரல். அது அசையாமல் இருந்த நேரம்தான் அதிகம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பைத் தின்றிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிற வேலை, வலியும் இருக்காது என்றார் டாக்டரம்மா. இடது பக்கம்தான் அதிகமாம். போனது திரும்பாது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற ஆயுசுக்கும் தினம் சொட்டு மருந்து போட வேண்டும் என்றார். வண்டி ஓட்டக் கூடாது. இவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வேறு யாரைப் பற்றியோ சொல்வதைக் கேட்கிற மாதிரி.

டிப்போவுக்கு அவரே போய்ச் சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது டிப்போ ஆபீசில், யார் எந்த வண்டி எடுப்பது என்று பலகையில் எழுதுகிற வேலை. காலையில் மற்றவர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்கிற சத்தம் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு நாள் கூட முணுமுணுக்காமல் போய் வருகிறார்.

ஆனால் வீட்டில் வாயே திறப்பதில்லை. கேமரா அலமாரி மேல் ஏறிவிட்டது. பாசி நிறச் சட்டையை வாசனை சோப்பில் துவைத்துக் காயப்போட்டேன், சண்டைக்காவது வருவாரா என்று பார்த்தேன், வரவில்லை. மருந்து பாட்டில் மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. போட்டுக்கொள்ளுங்கள் என்றால், போட்டா மட்டும் என்ன ஓட்டப் போறேனா என்கிறார். கெஞ்சினேன். திட்டினேன். பாட்டிலை அவர் தட்டுப் பக்கத்தில் வைத்தேன், தலையணைப் பக்கத்தில் வைத்தேன். தம்பி, நான் பஸ்ஸைத்தான் நிறுத்தச் சொன்னேன். மனுஷனை நிறுத்தச் சொல்லவில்லை. யாரிடம் போய் இதைச் சொல்லி அழுவது? ஆத்திரமாக வருகிறது. அவர் மேல், உன் மேல், கடைசி வரி வரைக்கும் படித்தால் போதும் என்று முத்திரை குத்திக் கொடுத்தவர்கள் மேல்.

முந்தாநாள் கடையிலிருந்து வந்தபோது கம்ப்யூட்டர் திறந்திருந்தது. பழைய ஏரிப் படம் ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, இடது ஓரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தேன். ஒரு பறவை இருக்கு என்றேன். என்ன பறவை என்றார். கொக்கு மாதிரி என்றேன். கொக்கு மாதிரின்னா என்ன அர்த்தம், கழுத்து வளைஞ்சிருக்கா நேரா இருக்கா என்றார். ரெண்டும் இல்லாத மாதிரி என்றேன். காலு என்ன நிறம் என்றார். தண்ணிக்குள்ள இருக்கிற காலை நான் எப்படிப் பார்க்க முடியும் என்றேன். இத்தனை வருஷமா ஒரு போட்டோக்காரன் கூடக் குடும்பம் நடத்துறே, நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதா என்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது.

கத்தி முடித்ததும் அவர் தலையை நாற்காலி மேல் சாய்த்து, பாட்டிலை என் பக்கம் நீட்டி, போட்டு விடு என்றார். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அதற்கும் திட்டு. மருந்து உள்ளே இறங்குவதற்குள், கண்ணை மூடிக்கொண்டே, சரி, அடுத்த படத்துல என்ன இருக்கு என்றார். இருந்ததோ கறுப்பாக ஒன்று, சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு. காக்கா என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நேற்றும் கேட்டார். இன்றும் கேட்பார். ஓரத்தில் இருப்பதை நான் சொன்னால்தான் அவர் மருந்துக்குக் கண்ணைக் காட்டுவார், அப்படி ஒரு ஒப்பந்தம் ஆகிவிட்டது, இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. லீவு நாளில் ஏரிக்குப் போகலாமா என்று இன்று காலையில் சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். போகாமல் இருக்கப் போவதில்லை. பக்கத்தில் நின்று எது எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் நான். அங்கேயும் போய்க் கொக்கு மாதிரி, காக்கா மாதிரி என்று நிற்கவா?

அதனால் தம்பி, ஒரு உதவி. பறவைகளைப் பற்றி ஒரு நல்ல புத்தகம் அனுப்பு. படம் பெரிதாக இருக்க வேண்டும், கழுத்து, கால், அலகு எல்லாம் தனித்தனியாகக் காட்டியிருக்க வேண்டும். வீட்டில் அவருடையது இருக்கிறது, ஆனால் அதை எடுத்தால் பிடித்துவிடுவார், பிறகு கேலி தாங்காது. கடை விலாசத்துக்கு அனுப்பு. முதலாளியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வேலை இல்லாத நேரத்தில் மேஜையில் வைத்துப் படிப்பேன். இந்த ஒரு காரியத்திலாவது ஆறப்போடாதே. இடது பக்கத்தில் இருப்பதையெல்லாம் இனிமேல் அவருக்கு நான்தான் சொல்ல வேண்டும். எனக்கோ ஒன்றின் பெயரும் தெரியவில்லை.

நீயும் உன் குடும்பமும் கண்ணும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உன் அக்கா